கழற்றி மாட்டிய காலம்

சோழர்களுக்குக் கல்வெட்டு உண்டு, பல்லவர்களுக்குச் செப்பேடு உண்டு. கேமிங் லேப்டாப்பைக் கவிழ்த்துப் போட்டு, உள்ளே இருந்த சின்ன பிராசஸரைத் துரத்திவிட்டுப் பெரிய பிராசஸரைக் குடியேற்றிய ஒரு கூட்டம் இருந்ததே, அதற்கு என்ன உண்டு? மேஜை டிராயரில் எந்த ஓட்டைக்குரியது என்றே தெரியாமல் மிஞ்சிக் கிடக்கும் இரண்டு ஸ்க்ரூக்கள்தான். அந்த அநியாயத்தைச் சரிசெய்யவே இந்த மெய்க்கீர்த்தி.

மெய்க்கீர்த்தி என்றால் புகழ வேண்டும். புகழ்வதற்கு முன் குட்டை உடைத்துவிடுகிறேன். லேப்டாப்பில் பிராசஸருக்கு சாக்கெட் வைத்தவர்கள் நம்மை நினைத்து அதை வைக்கவில்லை. எந்த பிராசஸர் எத்தனை விற்கும் என்பது, தைவான் கம்பெனிகளுக்காக மதர்போர்டு அடிக்கும் தொழிற்சாலைக்கு முன்கூட்டியே தெரியாது. போர்டை மொத்தமாக அடித்து அடுக்கிவிட்டு, ஆர்டர் வந்த பிறகு கேட்ட பிராசஸரைச் செருகி அனுப்பினால் சரக்கு தேங்காது. அவ்வளவுதான் சங்கதி. கல்லாப்பெட்டியின் வசதிக்காகத் திறந்து வைத்திருந்த கொல்லைப்புற வழியாக நாம் உள்ளே போனோம். போன கையோடு அதைப் பிறப்புரிமை என்று பட்டா போட்டுக்கொண்டோம்.

ஆதி காலத்துக்குப் போவோம். 1981-இல் ஆஸ்போர்ன் 1 என்று ஒன்று வந்தது. தூக்கிக்கொண்டு போகலாம் என்று விளம்பரம். எடை 11 கிலோ, திரை 5 அங்குலம், விலை 1,795 டாலர். பேட்டரி கிடையாது. அதாவது எங்கு வேண்டுமானாலும் தூக்கிப் போகலாம், அங்கே ஒரு பிளக் பாயின்ட்டும் நல்ல முதுகும் இருந்தால் போதும். இதில் பிராசஸரை மாற்றுவதைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. இடுப்பைப் பற்றித்தான் யோசித்தார்கள்.

பிராசஸர் மாற்றுவது என்ற ஆசையை நமக்கு ஊட்டியதே இன்டெல்தான். ஊட்டிய விதம் இருக்கிறதே, அதைத் தனியாகப் பாட வேண்டும். 1991-இல் 486எஸ்எக்ஸ் என்று ஒரு பிராசஸரை இறக்கினார்கள். பெரியண்ணன் 486டிஎக்ஸில் தசமக் கணக்குப் போட ஒரு தனிப் பகுதி உண்டு. தம்பிக்கு அது கிடையாது, அதனால் விலை குறைவு. நியாயம்தானே என்று வாங்கினால், ஆரம்பத்தில் வந்த தம்பிகள் எல்லாம் அதே அண்ணன்தான். கணக்குப் பகுதியை மட்டும் முடக்கி அனுப்பியிருந்தார்கள். சரி, எனக்குக் கணக்கும் வேண்டும் என்றால்? அதற்கு 487எஸ்எக்ஸ் என்று ஒரு துணைச் சிப். தனியாக வாங்கி, பக்கத்தில் இருக்கும் காலி சாக்கெட்டில் செருக வேண்டும். செருகியதும் துணைக்கு வந்தவர் என்ன செய்வார் தெரியுமா? ஏற்கெனவே இருந்த 486எஸ்எக்ஸை அடக்கி மூலையில் உட்கார வைத்துவிட்டு, எல்லா வேலையையும் தானே செய்வார். ஏனென்றால் அந்தத் துணைச் சிப்பே ஒரு முழு 486டிஎக்ஸ். ஊசியில் மட்டும் கொஞ்சம் வேறுபாடு. ஆக, முடக்கிய சிப்புக்கு ஒரு காசு, முடக்காத சிப்புக்கு இன்னொரு காசு, முதல் சிப்பு காலத்துக்கும் சும்மா இருக்க அதற்கும் கரன்ட். அப்கிரேடு என்ற தொழில் இந்தச் சுபமுகூர்த்தத்தில்தான் தொடங்கியது.

அடுத்து 1994. வர்ஜீனியாவில் லிஞ்ச்பர்க் கல்லூரியின் கணிதப் பேராசிரியர் தாமஸ் நைஸ்லி பகா எண்களோடு மல்லுக்கட்டிக் கொண்டிருந்தபோது, புத்தம் புது பென்டியம் வகுத்தலில் தப்புப் பண்ணுவதைக் கண்டுபிடித்தார். 41,95,835-ஐ 31,45,727-ஆல் வகுத்தால் 1.3338 என்று ஆரம்பிக்க வேண்டும். பென்டியம் 1.3337 என்றது. அதைப் பத்தாயிரத்தில் ஒன்று என்று தள்ளிவிடலாம்தான். இன்டெலும் முதலில் அப்படித்தான் தள்ளிவிட்டது. உங்களுக்கு அவ்வளவு கணக்கு இருக்கிறது என்று நிரூபித்தால் மாற்றித் தருகிறோம் என்று முறுக்கிக்கொண்டது. ஊர் சிரித்த பிறகு டிசம்பரில் கேட்டவர்களுக்கெல்லாம் மாற்றித் தர ஒப்புக்கொண்டு, 47.5 கோடி டாலரைச் செலவுக் கணக்கில் எழுதியது. இந்தக் கூத்தில் ஒரு நல்லதும் நடந்தது. வாழ்நாளில் ஸ்க்ரூ டிரைவரைத் தொடாத மனிதர்கள்கூடப் பெட்டியைத் திறந்து, சின்ன லீவரைத் தூக்கி, சிப்பை எடுத்து, வேறு சிப்பை வைத்து மூடினார்கள். பெட்டி ஓடியது. அட, இவ்வளவுதானா என்று ஆகிவிட்டது. அந்த ‘இவ்வளவுதானா’ லேப்டாப்புக்கும் பரவ அதிக காலம் ஆகவில்லை.

தசமக் கணக்கு யாருக்கு வேண்டும் என்ற கேள்விக்கு 1996-இல் குவேக் விளையாட்டு பதில் சொன்னது. பேய்களைச் சுடுவதற்குத்தான் வேண்டும். பென்டியத்தின் கணக்குப் பகுதியை நம்பி எழுதப்பட்ட அந்த விளையாட்டு, மற்ற வேலைகளில் பென்டியத்துக்கு ஈடுகொடுத்துக் கொண்டிருந்த சைரிக்ஸ் பிராசஸரைச் சந்தி சிரிக்க வைத்தது. ஒரு கம்பெனியின் வீழ்ச்சியில் ஒரு விளையாட்டுக்கும் பங்கு உண்டு என்று எந்த எம்.பி.ஏ. பாடத்தில் சொல்கிறார்கள் என்று தெரியவில்லை. அன்று முதல், விளையாடுகிறவர்களின் பேச்சில் பிராசஸர் பெயர் ஜாதகத்தில் நட்சத்திரம் மாதிரி இடம்பிடித்தது.

இனி வருவது சாக்கெட் வம்சத்தின் குழப்பக் காலம். டெஸ்க்டாப் பென்டியம் 4-க்கு ஒரு சாக்கெட், பெயர் 478. லேப்டாப்புக்கான பென்டியம் எம் 2003-இல் வந்தது, ஊசி 478. ஆனால் சாக்கெட்டின் பெயர் 479. 2006-இல் கோர் டுவோவுக்கு சாக்கெட் எம், ஊசி 478. 2007-இல் சாக்கெட் பி, அதிலும் 478. நால்வருக்கும் ஊசி எண்ணிக்கை ஒன்றே, ஒருவர் சிப் இன்னொருவர் வீட்டில் ஆகாது. ஒரு ஊசியை மட்டும் இடம் மாற்றி வைத்துவிட்டால் உள்ளே இறங்காது. வலுக்கட்டாயமாக இறக்கினால் ஊசி படுத்துக்கொள்ளும். படுத்த ஊசியைப் பேனாக் கத்தியால் நிமிர்த்துகிற கலையும் அப்போதே தோன்றியது. 478 என்று போட்டிருந்தது, வாங்கினேன் என்று அழுதவர்களின் கண்ணீரில் தனி அணையே கட்டியிருக்கலாம்.

அதே காலத்தில் எதிர்க்கட்சியான ஏஎம்டி முகாமில் நடந்தது இன்னும் தமாஷ். 2000 வாக்கில் வந்த அத்லான், டூரான் சிப்புகளின் முதுகில் சின்னச் சின்னப் பாலங்கள் இருக்கும். வேகத்தை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்று தொழிற்சாலையில் லேசரால் அந்தப் பாலங்களை அறுத்து அனுப்பினார்கள். மக்கள் என்ன செய்தார்கள்? பள்ளிக்கூடப் பென்சிலை எடுத்து அறுந்த இடத்தில் கோடு இழுத்தார்கள். பென்சில் கரி மின்சாரம் கடத்தும். பூட்டு திறந்தது. லேசரை வென்றது நடராஜ் பென்சிலா அப்சராவா என்று பட்டிமன்றம் வைத்திருக்கலாம். அமெரிக்காவில் நடந்ததால் நமக்கு வாய்ப்பில்லை.

அத்தோடு நிற்கவில்லை. லேப்டாப்புக்காக ஏஎம்டி செய்த அத்லான் எக்ஸ்பி-எம் பார்ட்டன் 2500+ பூட்டே இல்லாமல் வந்தது. பேட்டரியை மிச்சம் பிடிக்க லேப்டாப் தன் வேகத்தை ஏற்றி இறக்க வேண்டுமே, அதற்காக. இதை மோப்பம் பிடித்த டெஸ்க்டாப்காரர்கள் லேப்டாப் சிப்பை வாங்கித் தங்கள் போர்டில் மாட்டி, 1.87 கிகாஹெர்ட்ஸ் சிப்பை 2.4-க்கு மேல் விரட்டினார்கள். இன்டெல் பக்கம் பென்டியம் எம் அடக்க ஒடுக்கமாக ஓடுவதைப் பார்த்த அசூஸ், அதை டெஸ்க்டாப் போர்டில் மாட்ட சிடி-479 என்று ஓர் இடைப்பலகையே விற்றது. பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதையைக் கேட்டிருக்கிறோம். இங்கே குரங்கு பிடிக்கப் போய்ப் பிள்ளையார் அமைந்துவிட்டார். லேப்டாப் மட்டும் வாயைப் பார்த்துக் கொண்டிருந்தது.

பொற்காலம் 2011. சாண்டி பிரிட்ஜ் என்ற தலைமுறையை இன்டெல் இறக்கிய வருடம். கடையில் வாங்கிய கேமிங் லேப்டாப்பில் பெரும்பாலும் ஐ5-2410எம் இருக்கும். இரண்டு கோர், 35 வாட். அதே சாக்கெட்டில் உட்காரக்கூடிய ஐ7-2630க்யூஎம்மில் நான்கு கோர், 45 வாட். அந்த அக்டோபரில் பேட்டில்ஃபீல்ட் 3 வந்தது. கம்ப்யூட்டரில் 64 பேர் ஒரே களத்தில் அடித்துக்கொள்ளலாம். 64 பேர் குண்டு போட்டால் இரண்டு கோர் என்ன பண்ணும்? படம் படமாக நின்று நின்று நகரும். எதிரி சுட்டுவிட்டு, டீ குடித்துவிட்டுப் போன பிறகு நமக்குச் சத்தம் கேட்கும். கிராபிக்ஸ் கார்டைக் குறை சொல்ல முடியாது, மாற்றவும் முடியாது. பிராசஸரை மாற்றலாம் என்று யாரோ சொன்னார்கள். கூட்டம் கிளம்பிவிட்டது.

அந்தச் சடங்கைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். பேட்டரி வெளியே. அடித்தட்டின் ஸ்க்ரூக்கள் ஒரு கிண்ணத்தில், நீளம் வாரியாக. ஃபேனும் செம்புக் குழாயும் சேர்ந்த ஹீட் சிங்க்கில் ஸ்க்ரூவுக்குப் பக்கத்தில் 1, 2, 3, 4 என்று அச்சடித்திருக்கும். மாட்டும்போது அந்த வரிசை, கழற்றும்போது தலைகீழ் வரிசை. அதைத் தூக்கினால் காய்ந்து சுண்ணாம்பாகிப் போன தெர்மல் பேஸ்ட். துடைத்தால் கண்ணாடி மாதிரி மின்னும் சிலிக்கான் சதுரம். டெஸ்க்டாப் சிப்பில் இருக்கிற உலோக மூடி இதற்கு இல்லை, ஓரத்தில் நகம் அழுத்தினாலும் பயம். சாக்கெட்டின் ஒரு முனையில் தட்டையான ஸ்க்ரூ, அதன் இருபுறமும் திறந்த பூட்டு, மூடிய பூட்டு என்று இரண்டு குட்டிப் படங்கள். அரைச் சுற்று திருப்பினால் சிப் இம்மியளவு நகர்ந்து கொடுக்கும். விரல் நுனியில் தூக்கினால் அடியில் தொள்ளாயிரத்துச் சொச்சம் தங்க ஊசிகள். புதுச் சிப்பின் மூலையில் இருக்கும் தங்க முக்கோணத்தை சாக்கெட்டின் குறியோடு ஒட்ட வைத்து விட்டால் தானாக இறங்க வேண்டும். அழுத்தினால் ஏதோ தப்பு. மறுபடி அரைச் சுற்று. அரிசி அளவு பேஸ்ட். மூடு. பவர் பட்டனை அமுக்கு. திரை கறுப்பு. ஃபேன் மட்டும் ஊ என்று ஓடும். அந்தச் சில நொடிகளில் நாத்திகர்களும் குலதெய்வத்துக்கு நேர்ந்துகொண்டார்கள்.

சில வீடுகளில் கறுப்புத் திரை கறுப்பாகவே நின்றது. இங்கேதான் பயாஸ் என்ற கதாபாத்திரம் மேடை ஏறுகிறது. சாக்கெட் சரி, மின்சாரம் சரி, சிப்செட்டும் சரி. ஆனால் லேப்டாப் கம்பெனி எந்தெந்த பிராசஸரை வைத்து அந்த மாடலை விற்றதோ, அவற்றுக்கான குறிப்புகள் மட்டும்தான் பயாஸில் இருக்கும். மற்றவரைப் பார்த்தால், நீ யார் என்றே தெரியாது என்று கதவைச் சாத்திவிடும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டார் என்று நம் முன்னோர் சொன்னது பயாஸைப் பற்றித்தான் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. பூசாரியை வழிக்குக் கொண்டுவரப் புது பயாஸ் ஏற்றுவார்கள். அதுவும் ஒத்துவராவிட்டால், யாரோ முகம் தெரியாத புண்ணியவான் திருத்தி எழுதிய பயாஸை ஏற்றுவார்கள். ஏற்றிக் கொண்டிருக்கும்போது கரன்ட் போனால் லேப்டாப் செங்கல்.

இன்னும் கஷ்டகாலம், முந்தைய தலைமுறை சாக்கெட்டின் பெயர் ஆர்பிஜிஏ 988ஏ. சாண்டி பிரிட்ஜுக்கு 988பி. ஒரே ஒரு எழுத்து. இரவு பன்னிரண்டு மணிக்குப் பழைய சிப் ஏலத்தில் விலை கேட்பவன் கண்ணுக்கு ஏவும் தெரியாது, பியும் தெரியாது, 988 மட்டும்தான் தெரியும்.

எல்லாம் ஒத்துவந்து ஓடியவர்களுக்கு வேறு தலைவலி. 35 வாட்டுக்குச் செய்த ஹீட் சிங்க் 45 வாட்டைச் சுமக்க வேண்டும். எக்ஸ்எம் என்று முடிகிற ராஜ வம்சச் சிப்பு என்றால் 55 வாட், அதுவும் பேருக்குத்தான்; கட்டவிழ்த்துவிட்டால் இன்னும் குடிக்கும். நூறு டிகிரியை நெருங்கியதும் சிப் தற்காப்புக்காகத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். குறைத்து, குறைத்து, கடைசியில் கழற்றி எறிந்த பழைய சிப்பின் வேகத்துக்கே வந்து நிற்கும். 90 வாட் சார்ஜர் மூச்சு வாங்கும். சரி, பெரிய சார்ஜர் வாங்கு. அடியில் வைக்க ஃபேன் பலகை வாங்கு. நல்ல பேஸ்ட் வாங்கு. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். விவரம் தெரிந்தவர்கள் மட்டும் ஐ7-3612க்யூஎம் என்ற அடுத்த தலைமுறைச் சிப்பைத் தேடி அலைந்தார்கள். நான்கு கோர், ஆனால் 35 வாட்தான். பழைய சிப் சந்தையில் அதற்கு இருந்த கிராக்கி கல்யாணச் சந்தையில் அரசு வேலை மாப்பிள்ளைக்குக்கூட இல்லை.

எக்ஸ்எம் வம்சத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2920எக்ஸ்எம்மின் பட்டியல் விலை 1,096 டாலர். சிப்புக்கு மட்டும். அந்தக் காசுக்கு ஒரு முழு கேமிங் லேப்டாப்பே வரும். இதைக் கடையில் புதிதாக வாங்கி மாட்டியவர்கள் உண்டா என்றால் உண்டு. அவர்களைப் பற்றி எழுத இது பொருளாதாரக் கட்டுரை இல்லை.

இந்தச் சில்லறைச் சண்டைகளில் எல்லாம் சேராமல் தனி ராஜ்ஜியம் நடத்தியது தைவானின் கிளெவோ. லேப்டாப் சிப்பை மாற்றுவது என்ன பெரிய விஷயம், டெஸ்க்டாப் சிப்பையே லேப்டாப்பில் வைக்கிறேன் பார் என்று கிளம்பிய கம்பெனி. அது செய்து கொடுத்த பெட்டிகளை வேறு வேறு பெயர்களில் ஊர் ஊராக விற்றார்கள். 2009-இல் வந்த டி900எஃப் அதன் உச்சம். உள்ளே டெஸ்க்டாப் கோர் ஐ7, 130 வாட் சிப். சர்வர்களுக்கும் பெரிய ஒர்க் ஸ்டேஷன்களுக்கும் உரிய எல்ஜிஏ 1366 சாக்கெட். மூன்று ஹார்ட் டிஸ்க். எடை ஐந்து கிலோவுக்கு மேல், சார்ஜரைத் தனியாகச் சுமக்க வேண்டும். பேட்டரியை அதில் எதற்கு வைத்தார்கள் என்பது தத்துவக் கேள்வி. கரன்ட் போனால் சேவ் பண்ண நேரம் கிடைக்கும், அவ்வளவுதான். மடியில் வைத்தால் மடி மிஞ்சாது. கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்றால் மீசையைக் கூழிலேயே நனைத்துக் காயப்போட்ட பெட்டி அது. ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டும்: அதில் பிராசஸர் மாற்றுவது டெஸ்க்டாப்பில் மாற்றுவது போலவே சுலபம். சொன்ன வாக்கை முழுசாகக் காப்பாற்றிய லேப்டாப் என்றால் என் கணக்கில் அந்தப் பூதம்தான்.

இப்படி ஊரே தடித்த பெட்டிகளோடு மகிழ்ச்சியாக இருந்தபோது, 2008 ஜனவரியில் சான் ஃபிரான்சிஸ்கோ மேடையில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஓர் ஆபீஸ் கவரைப் பிரித்து அதற்குள்ளிருந்து மேக்புக் ஏரை உருவினார். அதற்காக இன்டெல் தன் கோர் 2 டுவோவின் உறையை 60 சதவீதம் சுருக்கிக் கொடுத்திருந்தது. சிப் போர்டோடு சால்டர் செய்யப்பட்டிருந்தது. ரேமும்தான். கேமிங்காரர்கள் சிரித்தார்கள். இதில் எந்த விளையாட்டு ஓடும்? கவருக்குள் போகிறதாமே, தபாலில் அனுப்பவா?

இன்டெல் சிரிக்கவில்லை. 2011-இல் தைபேயில் நடந்த கம்ப்யூடெக்ஸில் ‘அல்ட்ராபுக்’ என்று அறிவித்து, அதை வளர்க்க 30 கோடி டாலர் நிதியையும் ஒதுக்கியது. நாம் பொற்காலம் என்று கொண்டாடிய அதே 2011. அந்தப்புரத்தில் விருந்து நடக்கும்போதே கோட்டைக்குக் கடன்காரன் வந்துவிட்டான். லேப்டாப் என்றால் மெலிசு என்று ஆனபிறகு, சாக்கெட்டும் ஊசியும் சேர்ந்து பிடிக்கும் சில மில்லிமீட்டர்கூடப் பாரமாகிவிட்டது. 2013-இல் ஹாஸ்வெல்லுக்குக் கடைசியாக ஒரு லேப்டாப் சாக்கெட் வந்தது, பெயர் ஜி3. அடுத்த தலைமுறை பிராட்வெல் லேப்டாப்புக்கு வந்தபோது ஊசிகளே இல்லை. அடியில் குட்டி குட்டி சால்டர் உருண்டைகள். போர்டில் வைத்து உருக்கினால் ஒட்டிக்கொள்ளும், பிஜிஏ (BGA) என்று பெயர். மரண அறிவிப்பு, இரங்கல் கூட்டம் எதுவும் கிடையாது. தொழிற்சாலைக்கு சாக்கெட் தேவைப்படவில்லை, எடுத்துவிட்டார்கள். ஏஎம்டியும் சத்தமில்லாமல் பின்னால் போனது.

செய்தி சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் வரை வந்து சேரக் கொஞ்சம் நாளானது. அதுவரை கடைப் படியேறி நடந்த உரையாடல் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும்.

“அண்ணா, இதுல ஐ5 இருக்கு. ஐ7 போட்டுத் தர முடியுமா?”

“மாடல் என்ன தம்பி? திருப்பிக் காட்டு. ம்... இது போர்டோட ஒட்டினது.”

“ஹீட் பண்ணி எடுக்க முடியாதாண்ணா?”

“எடுக்கலாம். எடுத்துட்டு வேற வைக்கலாம். ஓடுனா உன் அதிர்ஷ்டம், ஓடலன்னா என் தலையில கட்டக் கூடாது. எழுதிக் குடுத்துட்டுப் போ.”

அண்ணன் சொன்னது சத்தியம். ஈயமில்லாத சால்டர் உருக 217 டிகிரிக்கு மேல் வேண்டும். சூட்டைப் போர்டு முழுக்கச் சீராக ஏற்ற வேண்டும், இல்லையென்றால் போர்டு வளையும். ஆயிரத்துச் சொச்சம் உருண்டைகளில் ஒன்று ஒட்டவில்லை என்றாலும் முடிந்தது. பழுதான சிப்பை அதே வகைச் சிப்பால் மாற்றுகிற கெட்டிக்காரர்கள் அந்தத் தெருவில் இருக்கிறார்கள், பார்த்திருக்கிறேன். ஆனால் வேகம் பத்தவில்லை என்பதற்காக நல்லாயிருக்கிற போர்டை அடுப்பில் வைக்க எந்த மெக்கானிக்குக்கும் மனம் ஒப்பாது.

சால்டர் யுகத்தின் ஆடம்பரத்துக்கு ஓர் உதாரணம் போதும். 2017-இல் ஏசர் பிரெடேட்டர் 21 எக்ஸ் என்று ஒன்று. 21 அங்குல வளைந்த திரை, இரண்டு ஜிடிஎக்ஸ் 1080, எட்டு கிலோவுக்கு மேல் எடை, விலை 8,999 டாலர். ஆஸ்போர்னின் எடையை முக்கால்வாசி எட்டிப் பிடித்துவிட்டார்கள். இவ்வளவு இடம், இவ்வளவு காசு, இவ்வளவு உலோகம். பிராசஸர்? சால்டர்.

சாக்கெட்டைக் கைவிடாத கிளெவோ பக்தர்களுக்கும் சோதனை வந்தது. இன்டெல்லின் ஆறாம், ஏழாம் தலைமுறைக்கு டெஸ்க்டாப் சாக்கெட் எல்ஜிஏ 1151. 2017 அக்டோபரில் எட்டாம் தலைமுறை காஃபி லேக் வந்தது, கோர் ஆறாகக் கூடியது. சாக்கெட்? அதே 1151. ஆஹா என்று பழைய போர்டில் வைத்தால் ஓடாது. சில தொடர்புகளின் வேலையை மாற்றிவிட்டோம், மின்சாரம் அதிகம் வேண்டும், புது போர்டு வாங்குங்கள் என்றது இன்டெல். 478 காலத்துச் சாபம் திரும்ப வந்துவிட்டது. ஆனால் இம்முறை பக்தர்கள் தேறியிருந்தார்கள். சிப்பின் அடியில் சில புள்ளிகளை டேப் ஒட்டி மறைத்து, சிலவற்றை ஒன்றோடொன்று இணைத்து, பயாஸைத் திருத்தி எழுதி ஓட்டியே காட்டினார்கள். முடியவே முடியாது என்று ஒரு பெரிய கம்பெனி சொன்னதை ஓர் அங்குலம்கூட இல்லாத டேப் பொய்யாக்கியது. பென்சில் கோடு இழுத்தவர்களின் வாரிசுகள்தான், சந்தேகமென்ன.

கடைசி மன்னர்களில் ஒருவர் ஏலியன்வேர் ஏரியா-51எம். 2019 ஜனவரியில் லாஸ் வேகாஸ் கண்காட்சியில் டெல் முடிசூட்டியது. டெஸ்க்டாப் பிராசஸர், சாக்கெட்டோடு. கிராபிக்ஸ் கார்டையும் கழற்றி மாட்டலாம். இதோ மாற்றிக்கொள்ளக்கூடிய லேப்டாப் என்று முரசறைந்தார்கள். பெரிய மாடலில் ஐ9-9900கே. அந்த சாக்கெட்டில் அதற்கு மேல் உருப்படியாக எதுவும் இல்லை. 9900கேஎஸ் என்று கொஞ்சம் துள்ளலான ஒருவர் பிறகு வந்தார், அத்தோடு சரி. உச்சாணிக் கொம்பில் ஏறி உட்கார்ந்தவனுக்கு ஏணி இலவசம் என்றால் எங்கே சாத்துவது? 2020-இல் பத்தாம் தலைமுறை வந்தது, சாக்கெட் எல்ஜிஏ 1200. பொருந்தாது. டெல் அதற்கு ஆர்2 என்று புது லேப்டாப்பே விற்றது. அடுத்த தலைமுறைக்கு மாற்றலாம் என்று டெல் நம்ப வைத்ததாக, வாங்கியவர்கள் 2021-இல் கலிஃபோர்னியா நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். பிராசஸர் மாற்றும் கலை சாலிடரிங் அயனைத் தாண்டி வக்கீல் நோட்டீஸ் வரை வளர்ந்த வரலாறு இது.

அதற்குப் பிறகு உலகம் தலைகீழாகிவிட்டது. 2022-இல் இன்டெல் எச்எக்ஸ் என்ற வரிசையைக் கொண்டுவந்தது. கேமிங் லேப்டாப்புக்கு டெஸ்க்டாப்பின் அதே சிலிக்கான். கிளெவோ ஐந்து கிலோவில் கண்ட கனவு இப்போது இரண்டரைக் கிலோவில். ஆனால் சால்டர் போட்டு. மறுபுறம், மினிஸ்ஃபோரம் போன்ற கம்பெனிகள் லேப்டாப் ரைசன் சிப்பை டெஸ்க்டாப் போர்டில் சால்டர் போட்டு விற்கின்றன. சீனச் சந்தையிலோ, லேப்டாப்புக்கான பிஜிஏ சிப்பை ஒரு இடைப்பலகையில் ஒட்டி, டெஸ்க்டாப் சாக்கெட்டில் உட்காரும்படி செய்த கலப்பினங்கள் விற்றன. அவற்றில் பல இன்டெல் சோதனைக்காக அடித்த மாதிரிச் சிப்புகள். ‘ரகசியம்’ என்று நெற்றியிலேயே அச்சடித்திருக்கும். பகிரங்கமாக ஆன்லைனில் விற்றார்கள். லேப்டாப் சிப் டெஸ்க்டாப்பில், டெஸ்க்டாப் சிப் லேப்டாப்பில், எதுவும் எதிலிருந்தும் கழலாது.

மிச்சம் இருப்பது ஃப்ரேம்வொர்க். அமெரிக்காவில் 2021-இல் முதல் லேப்டாப்பை விற்ற கம்பெனி. அவர்களும் சிப்பை சால்டர்தான் போடுகிறார்கள், ஆனால் மதர்போர்டையே தனியாக விற்கிறார்கள். 2024-இல் வந்த 16 அங்குல கேமிங் மாடலில் கிராபிக்ஸ் பகுதியையும் பின்னாலிருந்து உருவி மாற்றலாம். பூட்டுப் படம் போட்ட ஸ்க்ரூ இல்லை, முக்கோணம் இல்லை, குலதெய்வமும் வேண்டாம். போர்டு மொத்தத்தையும் தூக்கி வெளியே வை, புது போர்டை உள்ளே வை. சின்ன 13 அங்குலக்காரர்கள் இதை முதலில் செய்து பார்த்தார்கள். பழைய இன்டெல் போர்டில் டிடிஆர்4 ரேம், புது ரைசன் போர்டுக்கு டிடிஆர்5. சரி, புது ரேம் வாங்கியாயிற்று. பழைய போர்டு நன்றாகத்தான் ஓடுகிறது, பழைய ரேம் அதிலேயே இருக்கிறது, தூக்கிப் போட மனம் வருமா? அதை வைக்க கூலர் மாஸ்டர் 2023-இல் 39 டாலருக்கு ஒரு டப்பா கொண்டுவந்தது. டப்பாவில் வைத்தால் ஒரு கீபோர்டு வேண்டும். ஒரு மவுஸ். எஸ்எஸ்டி புது போர்டுக்குப் போய்விட்டதால் இதற்கு ஒன்று. அப்புறம், இதைப் பார்க்க ஒரு மானிட்டர்.